ஒலவக்கோட்டில் ரயிலேறி கோவைக்கு வேலைக்குப் போகிறேன். 20 அங்குல மடக்கு சைக்கிள் சரிப்படுமா?

தாராளமாக வாங்கலாம். கொழிஞ்சாம்பாறையில் நானும் இதைத்தான் ஓட்டுகிறேன். சின்னச் சக்கரம் என்றால் கூடுதலாக மிதிக்க வேண்டும் என்பது தவறு. முன்பக்கப் பல்சக்கரத்தைப் பெரிதாக வைத்து ஈடுகட்டிவிடுகிறார்கள். உண்மையான தொல்லை குழிகள்தான். பெரிய சக்கரம் உருண்டு கடக்கும் பள்ளத்தில் இது இறங்கி மணிக்கட்டை உலுக்கும். அகல டயர் போடுங்கள், காற்றைக் கல்லாக அடைக்காதீர்கள்.

20 அங்குலத்திலேயே 406, 451 மில்லிமீட்டர் என இரண்டு ரிம் அளவுகள் உண்டு. 406 கேட்டு வாங்குங்கள். டயர், டியூப் எளிதில் கிடைக்கும்.

கடையிலேயே வண்டி மடங்கும் இடத்திலுள்ள கீலைப் பூட்டி, முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கீல் துளி ஆடினாலும் அந்த வண்டி வேண்டவே வேண்டாம். மடக்கித் தூக்கிப் படியேறியும் பாருங்கள். கடையில் இலேசாகத் தெரியும் 12 கிலோ, ரயில் நிலைய மேம்பாலத்தில் கையை இழுக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரே வீசும் ஆடி மாதத்துக்காகவே கியர் உள்ளதாக எடுங்கள்.