டீசல் லாரி ஏர் ஃபில்டருக்குத் துவைத்துப் போடும் உறை: பலன் உண்டா?

கல் உடைக்கும் கிரஷர் தூசியில் ஓடும் டிப்பருக்கு, ஏர் ஃபில்டர் மேல் மாட்டும் இந்தத் துணி உறையைப் போட்டால் ஃபில்டர் அதிக நாள் உழைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். உழைக்கும். ஆனால் அது பாதி வேலையைத்தான் செய்யும்.

உறை பிடிப்பது உமி, பூச்சி, பஞ்சு, கண்ணுக்குத் தெரியும் மண். இன்ஜினுக்குள் பிஸ்டன் ரிங்கையும் லைனரையும் (பிஸ்டன் ஓடும் உருளையின் உள்சுவர்) அரிப்பதோ 20 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான மாவுத் தூசி. அது உறையைத் தாண்டிவிடும். அதைப் பிடிப்பது உள்ளே இருக்கும் காகித ஃபில்டர்தான். உறை இருக்கிறதே என்று மட்டமான ஃபில்டர் வாங்கிவிடாதீர்கள்.

துவைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்புப் போட்டு அலசி, முறுக்காமல் நிழலில் காயவிடுங்கள். ஈரத்தோடு மாட்டினால் தூசி சேறாக அப்பிக்கொள்ளும். வண்டி இழுக்காது, கரும்புகை கக்கும். டீசலில் அலசும் பழக்கம் வேண்டவே வேண்டாம். கையில் இன்னொரு உறை இருந்தால் காயும்வரை வண்டியை நிறுத்த வேண்டியதில்லை.

மாட்டியதும் ரப்பர் சீலுக்கு நடுவே துணி மடிந்திருக்கிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். அங்கே இடுக்கு விழுந்தால் தூசி நேராக டர்போவுக்கு (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) போகும், உறையே எமன்.

அப்புறம், அடைப்பு காட்டும் இண்டிகேட்டர் சிவப்பானால் முதலில் உறையைக் கழற்றி, இண்டிகேட்டரை ரீசெட் செய்து ஓட்டுங்கள். மறுபடி சிவப்பு வந்தால் ஃபில்டரையே மாற்றுங்கள். மாற்றாமல், கம்ப்ரசர் காற்றை ஃபில்டரில் வேகமாக அடித்து அடித்துச் சுத்தம் செய்தே ஓட்டினால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும்.