வாடகை குறைகிறது என்பதற்காகக் கார் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 38 வயது. குரோம்பேட்டையில் ரயில் நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் தொலைவில் 16,000 ரூபாய் வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்குக் கிண்டியில் வேலை. மனைவி தாம்பரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வருவது 92,000 ரூபாய். அதில் மாதம் 18,000 வரை மிச்சம் பிடிக்கிறோம். வைப்பு நிதியில் இரண்டரை லட்சம் இருக்கிறது. மகளுக்கு 7 வயது, அம்மாவுக்கு 69. அம்மாவை மாதம் இருமுறை போரூரில் உள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இப்போது எல்லாருடைய போக்குவரத்துக்கும் சேர்த்து 4,000 ரூபாய்தான் ஆகிறது. ஒரு ஸ்கூட்டரும் இருக்கிறது. வண்டலூரைத் தாண்டி உள்ள கண்டிகையில் இதைவிடப் பெரிய வீடு 11,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அங்கே போனால் கார் இல்லாமல் முடியாது. எட்டரை லட்சத்தில் ஒரு சிறிய கார் பார்த்து வைத்திருக்கிறேன். வாடகையில் மிச்சமாகும் பணத்தைத் தவணைக்குத் திருப்பிவிடலாம் என்று நினைக்கிறேன். கார் இல்லாமல் சென்னையில் எத்தனை நாள்தான் குடும்பம் நடத்துவது என்று உறவினர்களும் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் வீடு, கார் என இரண்டு முடிவுகள் இருப்பதுபோல் தோன்றினாலும், உண்மையில் இருப்பது ஒன்றுதான். சென்னையைப் போல் வண்டலூர், கேளம்பாக்கம், பூந்தமல்லி என்று நாலாபுறமும் பரந்துகொண்டே போகும் ஊரில், வாடகை குறையும் இடங்களில் பெரும்பாலும் போக்குவரத்துச் செலவு கூடியே இருக்கும். ஆகவே இரண்டையும் ஒரே வரியில் கூட்டிப் பார்த்த பிறகுதான் எந்த வீடு மலிவு என்று சொல்ல முடியும்.

முதலில் காரை எடுத்துக்கொள்வோம். எட்டரை லட்சம் என்பது ஆன்ரோடு விலையாக இருந்தால், ஷோரூம் விலை ஏறத்தாழ 7.2 லட்சம் இருக்கும். ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான கார்களுக்குத் தமிழகத்தில் ஆயுட்கால வரி 13 சதவீதம் என்பதால் அதுவே 93,600 ரூபாய் ஆகிறது; மீதி காப்பீடும் பதிவுச் செலவும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது உண்மைதான்; ஆனால் அது குறைத்தது வாங்கும் விலையைத்தான், ஓட்டும் செலவை அல்ல. கையிலிருந்து ஒன்றரை லட்சம் கட்டி, மீதி 7 லட்சத்தை 9.5 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை 14,700 ரூபாய். ஏழு ஆண்டுக் கடன் என்றால் தவணை 11,500 ரூபாய்க்குள் வந்துவிடும் என்று விற்பனையாளர் சொல்லக்கூடும். வட்டி எவ்வளவு கூடுகிறது என்பதை அவர் தானாகச் சொல்ல மாட்டார்.

கண்டிகையிலிருந்து வண்டலூர் வந்து, ஜிஎஸ்டி (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் ஏறி, கிண்டி போய்ச் சேர ஒருவழி 30 கிலோமீட்டர் என்று வையுங்கள். மாதம் 22 வேலை நாளுக்கு 1,320 கிலோமீட்டர். பெருங்களத்தூரிலும் பல்லாவரத்திலும் முதல் கியரிலேயே ஊர்ந்து போகும்போது விளம்பரத்தில் சொல்லும் மைலேஜ் கிடைக்காது. லிட்டருக்கு 13 என்று கணக்கிட்டால் சுமார் நூறு லிட்டர், அதாவது 10,000 ரூபாய் பெட்ரோலுக்கே போகும். காப்பீடு, சர்வீஸ், டயர் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 30,000 என்றால் மாதம் 2,500. பார்க்கிங், கழுவுதல், சில்லறைச் செலவுகளுக்கு ஓராயிரம். கிண்டி அலுவலகத்தில் காரை நிறுத்த இடம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இந்த ஓராயிரம் போதாது.

ஆக மாதம் 28,200 ரூபாய். வாடகையில் மிச்சமாவது 5,000. இப்போதைய போக்குவரத்துச் செலவில் பாதி, அதாவது 2,000 குறையும் என்று தாராளமாகவே எடுத்துக்கொள்கிறேன். முழுதும் குறையாததற்குக் காரணம் இருக்கிறது: கார் ஒன்று, காலையில் வெளியே கிளம்புகிறவர்கள் மூவர். நீங்கள் காரை எடுத்துக்கொண்டு கிண்டிக்குப் போன பிறகு உங்கள் மனைவி தாம்பரம் செல்வதற்கும் மகள் பள்ளி செல்வதற்கும் வேறு வழி தேட வேண்டும். பள்ளி வேனுக்கு 2,500 என்று வைத்தால், நிகரமாகக் கூடும் செலவு 23,700 ரூபாய். உங்கள் சேமிப்பு முழுவதும் கரைந்த பிறகும் மாதம் ஐயாயிரத்துக்கு மேல் துண்டு விழும். வைப்பு நிதியிலிருந்தும் ஒன்றரை லட்சம் போய்விட்டதால், அம்மாவின் மருத்துவத்துக்கு அவசரமாகத் தேவைப்பட்டால் எடுக்க ஒரு லட்சம்தான் மிஞ்சும்.

கார் ஒரு சொத்து அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். காப்பீட்டு நிறுவனங்களின் தேய்மான அட்டவணையே நான்கு ஆண்டு முடிந்த காரின் மதிப்பைப் பாதியாகத்தான் கணக்கிடுகிறது. ஐந்தாம் ஆண்டு இறுதியில் 3.6 லட்சத்துக்கு விற்றாலும், முன்பணம், தவணை, ஓட்டும் செலவு ஆகியவற்றிலிருந்து அதைக் கழித்துப் பார்த்தால் அந்த ஐந்து ஆண்டுகளில் ஒவ்வொரு மாதமும் சுமார் 24,700 ரூபாய் செலவழித்திருப்பீர்கள். அந்தப் பணத்துக்குக் குரோம்பேட்டையிலேயே இன்னும் நல்ல வீடு பிடிக்கலாம். எனவே வீடு மாறத்தான் வேண்டும் என்றால் நிலையத்திலிருந்து விலகிப் போகாதீர்கள். நிலையத்தை நோக்கி மாறுங்கள். நடந்து போகும் தொலைவில் 19,000 அல்லது 20,000 வாடகை கேட்டாலும், கண்டிகை வீட்டையும் காரையும் சேர்த்துப் பார்க்கையில் அது மலிவே.

இனி, கார் இல்லாமல் குடும்பம் நடத்துவது பற்றி. உங்கள் வேலைக்குக் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலை விட வேகமாகப் போகும் வாகனம் காலை ஒன்பது மணிக்கு அந்தச் சாலையில் இல்லை. சீசன் டிக்கெட்டோ சில நூறு ரூபாய்தான். பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் கட்டணம் கிடையாது என்பதால் உங்கள் மனைவியின் பேருந்துப் பயணத்துக்கும் பெரிய செலவில்லை. இவை உங்களுக்கே தெரிந்தவை. நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. எல்லாருக்கும் சேர்த்து 4,000 ரூபாயில் முடித்துவிடுகிறோம் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். மருத்துவமனைக்குப் போகும் நாட்களில் 69 வயது அம்மா இரண்டு பேருந்து மாறிப் போகிறாரோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. கார் இல்லாத வீடுகளில் இது அடிக்கடி நடப்பது: காரின் தவணை கட்டுகிறவர் 14,700 ரூபாயை யோசிக்காமல் கொடுப்பார், கார் இல்லாதவர் 400 ரூபாய் கால் டாக்சிக்கு மூன்று முறை யோசிப்பார். அந்தச் சிக்கனம்தான் கடைசியில் சலிப்பாகி, ஒருநாள் கார் ஷோரூமில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

ஆகவே மாதம் 9,000 ரூபாயைப் போக்குவரத்துக்கென்றே தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். அது செலவழிக்க வேண்டிய பணம், மிச்சம் பிடிக்க வேண்டியதல்ல. போரூருக்கு இருமுறை போய்வர ஒருவழி 400 வீதம் 1,600 ரூபாய். மழை நாளில் மகளுக்கு ஆட்டோ, ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீடு, இரவு திரும்பும்போது டாக்சி எல்லாம் இதற்குள் அடங்கும். ஆட்டோவுக்கு 2013இல் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய்; அந்தக் கட்டணத்துக்கு இன்று எந்த ஆட்டோவும் வராது என்பதால் செயலியில் காட்டும் தொகையை வைத்தே திட்டமிடுங்கள். நள்ளிரவில் அம்மாவுக்கு உடல்நிலை மோசமானால் என்ன செய்வது என்பதே பலரைக் கார் வாங்க வைக்கும் பயம். அந்த நேரத்தில் வேண்டியது உங்கள் கார் அல்ல, ஆக்சிஜனும் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளரும் உள்ள 108 ஆம்புலன்ஸ். அதற்குக் கட்டணமும் இல்லை.

ஊருக்குப் போவதற்கு 60 நாள் முன்பே ரயிலில் முன்பதிவு செய்யலாம். தென் மாவட்டப் பேருந்துகள் கிளாம்பாக்கத்துக்கு மாறியதில் நகரின் மற்ற பகுதியினர் அலுத்துக்கொண்டாலும் குரோம்பேட்டைக்காரர்களுக்கு அது வசதியே. கார் தேவைப்படும் ஓரிரு பயணங்களுக்கு, நீங்களே ஓட்டும் வாடகைக் காரை எடுக்கலாம். ஆனால் கறுப்பு எண் பலகையில் மஞ்சள் எழுத்து உள்ள, வாடகைக்கென்றே பதிவான வண்டிதானா என்று பாருங்கள். தெரிந்தவரின் வெள்ளைப் பலகைக் காரை வாடகைக்கு எடுத்து விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு.

மெட்ரோ வரப்போகிறது என்று சொல்லிப் புறநகரில் வீடு காட்டுவார்கள். இரண்டாம் கட்டப் பணிகள் 118.9 கிலோமீட்டருக்கு நடக்கின்றன. ஆனால் மாதவரம்–சிறுசேரி, கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி, மாதவரம்–சோழிங்கநல்லூர் என்ற அதன் மூன்று தடங்களில் எதுவும் கண்டிகைக்கு வராது. இன்று ஓடாத ரயிலை நம்பி இன்றைய வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம்.

எல்லாருக்கும் இதே பதிலைச் சொல்ல மாட்டேன். ஒரகடத்திலோ சிறுசேரியிலோ இரவுப் பணி பார்ப்பவர் என்றாலும், அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்றாலும் கார் வாங்கச் சொல்லியிருப்பேன். அப்போதும் நான்கைந்து ஆண்டு ஓடிய காரை, கடன் இல்லாமல். தாழ்வான பகுதியில் வசிப்பவர் என்றால் எஞ்சினுக்கான கூடுதல் காப்பீடும் சேர்த்து. தண்ணீர் புகுந்து எஞ்சின் பழுதானால் சாதாரண பாலிசியில் பணம் வருவது கடினம். மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்களே, அவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

போக்குவரத்துக் கணக்கில் 5,000 கூட்டிய பிறகு உங்கள் சேமிப்பு 13,000 ஆகும். அதில் 10,000 ரூபாயை அஞ்சலக ஐந்தாண்டுத் தொடர் வைப்பில் போடுங்கள். 6.7 சதவீத வட்டியில் முடிவில் சுமார் 7.13 லட்சம் கிடைக்கும். வட்டிக்கு வருமான வரி உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மீதி 3,000 வைப்பு நிதியோடு சேரட்டும். கண்டிகை வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று தெரியவில்லை. கொடுக்கவில்லையென்றால் இந்த வாரமே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கொடுத்திருந்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் திரும்பக் கேளுங்கள். ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டாலும் அது ஒரு மாதத் தவணையைவிடக் குறைவாகவே இருக்கும்.