பழைய இரும்புப் பாலமும் சிவில் படிப்பும்

நீடாமங்கலம் அம்மாவுக்கு வணக்கம்.

மகள் சிவில் இன்ஜினியரிங்தான் வேண்டும் என்கிறாள், சொந்தக்காரர்கள் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நான் திரும்பத் திரும்பப் படித்தது வேறொரு வரி. கேட் போட்டு நிற்கும்போது காரைக்கால் நிலக்கரி கூட்ஸைப் பார்த்து, "இவ்வளவு கனத்தைப் பழைய இரும்புப் பாலமெல்லாம் எப்படிம்மா தாங்குது?" என்று கேட்டாளாமே. அவளைத் தடுக்காதீர்கள்.

கனம் தாங்காமல் பாலம் ஒரே நாளில் ஒடிவது அபூர்வம். ஒவ்வொரு வண்டிக்கும் எஃகு துளி வளைந்து நிமிர்கிறது. லட்சக்கணக்கான தடவை அப்படி ஆனபின், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியின் துளை ஓரத்தில் முடி போல விரிசல் விடும். தண்டவாளத்துக்கு அடியில் உள்ள சின்ன உத்திரங்கள்தான் அதிகம் அடிபடும், ஒவ்வொரு சக்கர அச்சின் கனமும் அவற்றின்மேல் தனித்தனியாக இறங்குவதால். அழுத்தம் இரண்டு மடங்கானால் சேதம் 2×2×2, அதாவது எட்டு மடங்காக ஏறும் என்பது பொதுக் கணக்கு. நம் கூட்ஸ் வண்டிகளில் அச்சுக்கு 20.32 டன் என்றிருந்தது பல தடங்களில் 22.82 டன் ஆனது. கூடியது 12 சதவீதம்தான்; சேதமோ 40 சதவீதம் வரை கூடும். துருப்பிடித்துத் தகடு மெலிந்தால் இன்னும் மோசம்.

டெல்டாவில் அகலப் பாதை போட்டபோது பல பாலங்களைப் புதுப்பித்துவிட்டார்கள். நாடு முழுக்கப் பார்த்தால் நூறு வயது தாண்டிய ரயில் பாலங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றைச் சோதிக்க ஆள் வேண்டும். ரிவெட் தலையும் தகடும் சேரும் இடத்தில் ஒரு பக்கம் விரலை வைத்து, மறுபக்கம் சின்னச் சுத்தியலால் தட்டுவார்கள். தளர்ந்திருந்தால் அசைவு விரலுக்குத் தெரிந்துவிடும். பாலம் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று கணக்குப் போடுவது அடுத்த கட்டம். அதற்கு பி.இ. மட்டும் போதாது, ஸ்ட்ரக்சுரல் எனும் கட்டமைப்புப் பொறியியலில் மேற்படிப்பு வேண்டும். திருச்சி என்.ஐ.டி.யிலேயே இருக்கிறது. சென்னை தரமணியில் எஸ்.இ.ஆர்.சி. என்ற கட்டமைப்புப் பொறியியல் ஆய்வகம் இந்த மாதிரி விரிசல்களையும் ஆராய்கிறது. டிப்ளமோ முடித்தாலும் ரயில்வே ஜே.இ. (ஜூனியர் இன்ஜினியர்) தேர்வு எழுதலாம்.

ஒன்றை மறைக்க மாட்டேன். தனியார் சிவில் வேலையில் ஆரம்பச் சம்பளம் குறைவு, வெயிலில் கர்டர் எனும் பெரிய உத்திரத்தின்மேல் ஏறவும் வேண்டும். அதற்குச் சம்மதமா என்று அவளிடமே கேளுங்கள்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். எஃகுக் கம்பியை இழுத்துச் சோதிக்கும் மெஷின் ஓடுகிறதா, மாணவர்களைத் தொட விடுகிறார்களா என்று கேளுங்கள். கட்-ஆஃப் வந்ததும் அனுப்புங்கள், சாய்ஸ் பட்டியலைச் சேர்ந்தே போடுவோம்.