பழைய டர்ட் பைக்கில் வேறு மாடல் ஃபோர்க் பொருத்த முடியுமா?

முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் அசல் குழாய்கள் துருப்பிடித்துக் குழிந்துவிட்டன, வேறு மாடல் ஃபோர்க் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடலாம். ஆனால் ஃபோர்க்கை மட்டும் வாங்காதீர்கள். டிரிபிள் கிளாம்ப் (ஃபோர்க் குழாய்களைக் கவ்விப் பிடிக்கும் பாகம்), ஆக்ஸில், வீல், பிரேக் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து செட்டாக வரட்டும். 36 மி.மீ. கிளாம்ப்பில் 35 மி.மீ. குழாயை வைத்து போல்ட்டை முறுக்கினால் கிளாம்ப் விரிசல் விடும். அந்த 1 மி.மீ. கண்ணுக்குத் தெரியாது, வெர்னியரால் அளந்துவிடுங்கள்.

உண்மையான வேலை ஸ்டீயரிங் ஸ்டெம்மில்தான், அதாவது கிளாம்ப்பை ஃப்ரேமோடு இணைக்கும் தண்டில். அதன் நீளமும் பேரிங் உட்காரும் விட்டமும் உங்கள் ஃப்ரேமுக்கு ஒத்துவர வேண்டும். வராவிட்டால் பழைய ஸ்டெம்மை பிரஸ்ஸில் கழற்றி, லேத்தில் கடைந்து புது கிளாம்ப்பில் ஏற்றலாம். சுத்தியல் வேண்டவே வேண்டாம், அலுமினியக் கிளாம்ப் கோணிவிடும்.

புது ஃபோர்க் நீளமாக இருந்தால், முன்பக்கம் 25 மி.மீ. உயர்ந்தாலே ஸ்டீயரிங் கோணம் ஏறக்குறைய 1 டிகிரி சாயும். வளைவில் வண்டி திரும்ப மறுக்கும்.

ஓட்டுவதற்கு முன் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஃபோர்க்கை முழுக்க அமுக்குங்கள். டயர் கீழ் கிளாம்ப்பிலோ புகைக்குழாயிலோ இடிக்கிறதா? ஹேண்டிலை இருபுறமும் ஒடித்தால் குழாய் டாங்க்கைத் தொடுகிறதா?

ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டு ஆக்ஸில் நட்டை இறுக்கியதும், ஃபோர்க்கின் அடியில் ஆக்ஸிலைக் கவ்வும் பின்ச் போல்ட்டுகளைத் தளர்வாகவே விட்டு, முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை ஐந்தாறு முறை அமுக்கிய பிறகே அவற்றை இறுக்குங்கள். இதை விட்டால் ஃபோர்க்கின் இரு கால்களும் இணையாக நிற்காது, ஃபோர்க் சிக்கிச் சிக்கி இறங்கும், சீல் சீக்கிரமே ஒழுகும்.