மிகச் சிறந்த விவாகரத்து – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘சைகோ நோ ரிகோன்’ (மிகச் சிறந்த விவாகரத்து) ஜப்பானியத் தொடரைப் பார்த்து முடித்தேன். அகாரியோடு வாழ்ந்துகொண்டே ரியோ கண்ட பெண்களோடும் பழகுகிறான். அவன்மேல் கோபம் வந்தது. ஆனால் எந்தத் தப்பும் செய்யாத மிட்சுவோவை யுகா ஏன் விவாகரத்து செய்கிறாள்? செய்தபின் அதே வீட்டில் ஏன் இருக்கிறாள்? துரோகத்தைத் தொடர் லேசாக எடுத்துக்கொள்கிறதோ?

கே.

அன்புள்ள கே.,

லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. துரோகத்தைப் படுக்கையோடு நிறுத்திக்கொள்ள அதை எழுதிய யூஜி சகமோட்டோ மறுக்கிறார். 2013இல் ஃபுஜி தொலைக்காட்சியில் வந்த இந்தப் பதினொரு பகுதிகளில் எனக்கு ஆகப் பெரிய காட்சி, அகாரி தன் பழைய காதலன் மிட்சுவோவிடம் தான் ஏன் பிரிந்துபோனேன் என்று சொல்வதுதான். அப்பாவை இழந்த வயதில் அவளைத் தாங்கிப் பிடித்த ஒரு பாட்டு. அதைக் கேட்டுவிட்டு அவன், கழிப்பறை இருக்கைக்குப் போடும் மலிவான பூப்போட்ட உறை மாதிரி இருக்கிறது என்றான். சொன்னது அவனுக்கு நினைவிலேயே இல்லை. அவளுக்கு மறக்கவே இல்லை.

யுகாவுக்கும் தினமும் நடப்பது இதுதான். வீடு சுத்தமில்லை, இது சரியில்லை, அது சரியில்லை. பல் மருத்துவமனையில் வேலை செய்யும் பெண்ணிடம்கூட மனைவியைப் பற்றிப் புலம்பும் மனிதன், அவளிடம் எதையும் கேட்டதில்லை. எந்தத் தப்பும் செய்யாதவன் என்று அவனை என்னால் சொல்ல முடியவில்லை.

ஜப்பானில் இருவரும் சம்மதித்தால் விவாகரத்துக்கு நீதிமன்றம் போக வேண்டியதில்லை. படிவத்தில் இருவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் இருந்தால் போதும், வட்டார அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வரலாம். யுகா கொடுத்துவிடுகிறாள். ரியோ திருமணத்தைப் பதிவு செய்யும் படிவத்தையே கொடுக்கவில்லை. அகாரி தன்னை மனைவி என்று நம்பி அவனோடு குடித்தனம் நடத்துகிறாள். மற்ற பெண்களைத் தெரிந்தும் பொறுத்துக்கொண்டவளை உடைத்துப்போடுவது இந்தத் தாள்தான். அவன் செய்ததில் ஆகக் கொடியது என்று நானும் நினைக்கிறேன். உங்கள் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு.

ஒரே வீட்டில் இருப்பதற்குக் காரணம் எளிது: வீட்டாரிடம் சொல்லத் தைரியமில்லை. ஆனால் அதன்பின் நடப்பதைப் பாருங்கள். மனைவிதானே என்ற உரிமை போனதும் மிட்சுவோ அவளை நிமிர்ந்து பார்க்கத் தொடங்குகிறான். எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள், ஏன் சிரிக்கிறாள் என்றெல்லாம் அவனுக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. கல்யாண வாழ்க்கையில் வராத நெருக்கம் அங்கேதான் வருகிறது. நால்வரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசும் இடத்தை மறுபடி பாருங்கள். இந்த முறை பேசுகிறவரை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டிருப்பவரின் முகத்தைக் கவனியுங்கள்.