'நம்மவர்கள் மட்டும்', 'ஆண்கள் மட்டும்' என்று வரும் வீடு, வேலை விளம்பரங்கள் மீது புகார் கொடுக்க முடியுமா? எங்கே?

கேள்வியில் இரண்டு விளம்பரங்கள் இருக்கின்றன. ஒன்று, கும்பகோணத்தில் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது: "மாடி வீடு, 2 பெட்ரூம், அட்வான்ஸ் 60 ஆயிரம், சைவம், நம்மவர்கள் மட்டும்." இன்னொன்று, மயிலாடுதுறையில் பாத்திரக்கடை வாசலில் ஒட்டியது: "கணக்கு எழுத ஆள் தேவை, ஆண்கள் மட்டும்." இரண்டுக்கும் தட்ட வேண்டிய கதவு வேறு.

வேலை விளம்பரம் சுலபம். ஒரே மாதிரி வேலைக்கு ஆள் எடுக்கும்போது பெண் என்று ஒதுக்கக் கூடாது என்று 1976-ம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் 5-ம் பிரிவில் சொன்னது. அதையே 2019-ம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 3-ம் பிரிவில் எடுத்துக்கொண்டது. பெண்களை வைக்கக் கூடாது என்று சட்டமே தடுத்திருக்கும் வேலைகளுக்குத்தான் விலக்கு. கணக்கு எழுதுவது அதில் வராது. மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் (அமலாக்கப் பிரிவு) படத்தோடு மனுக் கொடுங்கள்.

வீட்டு விளம்பரம்தான் இடிக்கும். தனியார் வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தும் பொதுவான பாகுபாட்டுத் தடைச் சட்டம் நம்மிடம் இல்லை. அரசியலமைப்பின் 15(2) கடை, ஓட்டல், குளம், படித்துறை என்று பேசுகிறது, வாடகை வீட்டைச் சொல்லவில்லை. அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில், எங்கள் சமூகத்தாருக்கே உறுப்பினர் உரிமை என்ற விதி செல்லும் என்றே 2005-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் "சைவம்" என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள்.

அந்தச் சொல் உண்மையில் சாப்பாட்டைச் சொல்கிறதா என்பதை ஒரு போன் காட்டிக்கொடுத்துவிடும். "நாங்க சைவம்தாங்க" என்று சொல்லிப் பாருங்கள். "எத்தனை பேரு, என்ன உத்தியோகம்" என்று பேச்சு போனால் அது சாப்பாடு. "சொந்த ஊரு எது? ஊர்ல எந்தத் தெரு?" என்று வந்தால் அது சாதி, டெல்டா கிராமத்தில் தெருவைச் சொன்னாலே போதும், வேறு எதுவும் கேட்க வேண்டியதில்லை. "ஆசாரமான குடும்பம்" என்பதும் இதே சோதனையில் வெளுத்துவிடும்.

மறுக்கப்பட்டவர் பட்டியல் சமூகத்தவர் என்றால் நிலைமையே வேறு. 1955-ம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 4-ம் பிரிவில் குடியிருப்பையும் சேர்த்திருக்கிறது. தீண்டாமையைக் கடைப்பிடிக்கும்படி எழுத்தால் தூண்டுவது 7-ம் பிரிவில் குற்றம். தண்டனை 1 மாதம் முதல் 6 மாதம் வரை சிறை, அபராதம் 100 முதல் 500 ரூபாய். அபராதத்தைப் பார்த்துச் சிரிப்பு வரும், ஆனால் பிடிப்பு 12-ம் பிரிவில் இருக்கிறது: பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், செயல் தீண்டாமையால் நடந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று காட்டுவது எதிராளியின் பாடு. ஆகவே விளம்பரம் மட்டும் கையில் இருந்தால் மனு நொண்டும். விளம்பரத்தோடு, இன்ன தேதியில் இன்னாருக்கு வீடு இல்லை என்றார்கள் என்பதும் சேர்ந்தால்தான் நிற்கும்.

விளம்பரம் மதத்தை இழுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 196-ம் பிரிவைப் பார்க்கலாம், அது பிரிவினரிடையே பகையைத் தூண்டுவதைப் பற்றியது. 2020 மே மாதம், முஸ்லிம் ஊழியர்கள் இல்லை என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் விட்ட சென்னை தி.நகர் பேக்கரி உரிமையாளர் கைதானார்.

எல்லா "மட்டும்"களும் தப்பில்லை. மகளிர் விடுதி, இடஒதுக்கீட்டுப் பணியிடம் இவற்றை விட்டுவிடுங்கள். அறநிலையத் துறை வேலைக்கு இந்துவாக இருக்க வேண்டும் என்பது 1959-ம் ஆண்டுச் சட்டத்தின் 10-ம் பிரிவு. பஞ்சமி நிலத்தை (பிரிட்டிஷ் காலத்தில் பட்டியல் சமூகத்தவருக்கு அரசு கொடுத்த நிலம்) பட்டியல் சமூகத்தவருக்குத்தான் விற்கலாம் என்பது அந்த நிலத்தை ஒப்படை செய்தபோதே போட்ட நிபந்தனை.

பெரும்பாலான புகார்கள் கவிழ்வது ஆதாரத்தில்தான். சுவரொட்டியை இரண்டு படம் எடுங்கள்: எழுத்து தெரியக் கிட்டத்தில் ஒன்று, கடைப் பலகையோடு தள்ளி நின்று ஒன்று. பத்திரிகை என்றால் வரியை மட்டும் வெட்டாமல் தேதியும் பதிப்பும் தெரிய முழுப் பக்கத்தையும் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய எண், குழுவின் பெயர், நேரம் மூன்றும் திரையில் தெரிய வேண்டும். வந்த செய்தியை அழிக்காதீர்கள். நீதிமன்றத்தில் பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ம் பிரிவில் வரும் மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் கேட்பார்கள், அதற்கு அந்த போன் வேண்டும். போன் எண்ணோடு பேஸ்புக்கில் போட்டுத் திட்டினால் எதிராளி அன்றே பதிவை நீக்கிவிட்டு, உங்கள் மேல் அவதூறு என்று வருவார்.

பத்திரிகை விளம்பரத்துக்கு ஆசிரியரும் பொறுப்பு. முதலில் அவருக்கு எழுதி, பதில் சரியில்லை என்றால் இந்தியப் பத்திரிகை கவுன்சிலுக்குப் போங்கள். நாளிதழ், வார இதழ் என்றால் வெளியான 2 மாதத்துக்குள். உள்ளூர் கேபிள் சேனலில் சாதியை இழிவுபடுத்தி ஓடினால் 1994-ம் ஆண்டின் கேபிள் விதிகளில் 7-வது விதியைக் காட்டி ஆட்சியரிடம் கொடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசி நாளைக் கடத்தாதீர்கள். அது பொய் விளம்பரத்துக்கு. இந்த விளம்பரத்தில் பொய்யே இல்லை, அதுதான் சங்கடம்.

ஸ்டேஷனில் மனு ரசீது (சி.எஸ்.ஆர்.) வாங்காமல் வராதீர்கள். வழக்குப் பதிய மறுத்தால் அதே மனுவைப் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பலாம்; பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(4) அதற்குத்தான். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட். வன்கொடுமை வகையில் வருமா என்று குழப்பமாக இருந்தால், பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைக்கான உதவி எண் 14566-ல் கேளுங்கள், கட்டணம் கிடையாது.