ஏர் இந்தியா: நண்பர்களின் கேள்விகளுக்கு என் பதில்கள்

ஈரோடு நண்பர்: முதல் விமானம் எங்கிருந்து எங்கே போனது சார்?

கராச்சியிலிருந்து. 1932 அக்டோபர் 15 அன்று காலை, இதைத் தொடங்கிய ஜே.ஆர்.டி. டாடாவே ஓட்டிக்கொண்டு கிளம்பினார். ஒற்றை எஞ்சின் கொண்ட புஸ் மாத் விமானம், ரேடியோ கிடையாது. ஏற்றியது தபால் மட்டும்தான். லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் கராச்சிவரை கொண்டுவந்த கடிதங்கள் அவை. அகமதாபாத்தில் பெட்ரோல் டின்கள் மாட்டுவண்டியில் வந்தன. மதியம் பம்பாயின் ஜூஹு மைதானத்தில் இறங்கினார். அங்கிருந்து அவருடைய சக விமானி நெவில் வின்சென்ட் அதே தபாலைப் பெல்லாரி வழியாக மெட்ராசுக்குக் கொண்டுவந்தார். ஆக, முதல் பயணத்திலேயே நம்ம ஊர் உண்டு!

ஜூஹு அப்போது வெறும் மண்தரை. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிவிடும் என்பதால் அந்த மாதங்களில் பூனாவுக்கு மாறிவிடுவார்கள்.

தஞ்சாவூர் நண்பர்: வெளிநாட்டுக்கு எப்போது பறந்தது?

1948 ஜூன் 8. பம்பாய், கெய்ரோ, ஜெனீவா, லண்டன். விமானத்தின் பெயர் 'மலபார் பிரின்சஸ்'. அப்போது அரசுக்கு 49 சதவீதப் பங்கு.

கோவை சகோதரி: 1953இல் அரசுடைமை ஆக்கியதுதானே எல்லாவற்றையும் கெடுத்தது?

பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜே.ஆர்.டி. அந்த முடிவை எதிர்த்தார், உண்மை. ஆனால் அதற்குப் பிறகும் 1978 வரை தலைவராக இருந்தவர் அவர்தான். 1960இல் போயிங் 707 நியூயார்க்குக்குப் பறந்தது. 1962இல் பழைய விமானங்களையெல்லாம் கைவிட்டு, ஜெட் மட்டுமே வைத்திருக்கும் நிறுவனமாக மாறியது. 1971இல் முதல் ஜம்போ (போயிங் 747), 'எம்பரர் அசோகா'. இவையெல்லாம் அரசு நிறுவனம் சாதித்தவை. பயணம் முடிந்து இறங்கியதும் டீயின் நிறம் சரியில்லை என்றுகூட ஜே.ஆர்.டி. குறிப்பு எழுதி அனுப்புவாராம். தலைமையில் இருப்பவருக்கு அந்த அக்கறை இருந்தவரை, உரிமையாளர் யார் என்பது பெரிய விஷயமாக இருக்கவில்லை. 1978இல் மொரார்ஜி தேசாய் அரசு அவரை நீக்கியதைத்தான் நான் பெரிய தவறாகப் பார்க்கிறேன்.

நெல்லை நண்பர்: மகாராஜா பொம்மை யார் யோசனை?

ஏர் இந்தியாவின் வணிகப் பிரிவு அதிகாரி பாபி கூக்கா, 1946. வரைந்தவர் உமேஷ் ராவ்.

குவைத்தில் வேலை பார்த்த ஒருவரின் மகன்: 1990இல் அப்பா ஏர் இந்தியாவில்தான் ஊர் வந்து சேர்ந்தார். அதைப் பற்றிச் சொல்லுங்கள் அண்ணா.

தம்பி, அந்த நிறுவனம் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான். ஆகஸ்ட் 2இல் ஈராக் குவைத்தைப் பிடித்தது. நம்மவர்கள் பாலைவனத்தைக் கடந்து ஜோர்டானின் அம்மான் வந்து சேர்ந்தார்கள். சுமார் இரண்டு மாதத்தில் 488 விமானப் பயணங்கள், 1 லட்சத்துக்கும் அதிகமான மக்கள். நட்டக் கணக்கு பேசும்போது இதையும் நினைக்க வேண்டும்.

மதுரை நண்பர்: அப்புறம் ஏன் கடனில் மூழ்கியது?

2005-06இல் ஏர் இந்தியா 68 போயிங், உள்நாட்டுச் சேவை நடத்திய அரசு நிறுவனமான இந்தியன் ஏர்லைன்ஸ் 43 ஏர்பஸ், மொத்தம் 111 விமானங்களுக்கு ஆர்டர் போட்டன, பெரும்பகுதி கடனில். 2007இல் இரண்டையும் இணைத்தார்கள். சம்பள விகிதம் வேறு, பதவிமூப்பு வேறு, விமான வகை வேறு. காகிதத்தில் ஒன்றானார்களே தவிர ஊழியர்கள் நெடுநாள் இரண்டாகவே இருந்தார்கள். அதே சமயம் தனியார் நிறுவனங்கள் குறைந்த கட்டணத்தில் பறந்தன. வட்டி கட்டவே புதுக்கடன் தேவைப்பட்டது.

சேலம் நண்பர்: டாடாவுக்கு எவ்வளவுக்குப் போனது?

ரூ.18,000 கோடி. அதில் ரூ.15,300 கோடி ஏற்றுக்கொண்ட கடன், மீதி ரொக்கம். 2022 ஜனவரி 27இல் கைமாறியது. அடுத்த ஆண்டே 470 விமானங்களுக்கு ஆர்டர். 2024 நவம்பரில் டாடாவின் இன்னொரு விமான நிறுவனமான விஸ்தாராவும் இதில் இணைந்தது.

சென்னை நண்பர்: ஜே.ஆர்.டி. அந்த முதல் பயணத்தை மறுபடி செய்தாராமே?

ஆமாம். 1982 அக்டோபர் 15, பொன்விழா நாள். 78 வயதில், ஒரு லெப்பர்ட் மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தானே ஓட்டி வந்தார்.